கிரேன்: குரலில் பிறந்து உருவத்தால் பரவிய ஒரு பறவைப் பெயர்

அடுக்குமாடி கட்டும் இடத்திலும், துறைமுகத்திலும், நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லாரியை நிமிர்த்தும் போதும் தமிழர் வாயில் இயல்பாக வரும் சொல் கிரேன். பாரந்தூக்கி, பளுதூக்கி என்றெல்லாம் பாடநூல்கள் எழுதினாலும், வேலை நடக்கும் இடத்தில் அந்தப் பெயர்களை யாரும் சொல்வதில்லை. நாம் இயந்திரத்தின் பெயராக மட்டுமே எடுத்துக்கொண்ட இச்சொல், ஆங்கிலத்தில் முதலில் ஒரு பறவையின் பெயர். இயந்திரத்துக்கு அது பல நூற்றாண்டுகள் கழித்தே வந்தது. அந்தப் பறவைக்கு அப்பெயர் எப்படி வந்தது, அங்கிருந்து இயந்திரத்துக்கும் வம்சாவளிக்கும் பூச்செடிக்கும் பழத்துக்கும் எப்படிப் போனது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், ஒரு சொல் புதுப் பொருள்களைப் பெறும் வழிகள் பலவும் இந்த ஒன்றிலேயே தெரிந்துவிடும்.

முதலில் பறவையை அடையாளம் கண்டுகொள்வது நல்லது. தமிழில் கொக்கு, நாரை என்ற இரண்டு பெயர்களும் நீண்ட கால், நீண்ட கழுத்து உடைய பலவகை நீர்ப்பறவைகளுக்குப் பொதுவாக வழங்குகின்றன. வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கும், மடையானும், சாம்பல் நாரையும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. செங்கால் நாரையும் நத்தைகொத்தி நாரையும் இன்னொரு குடும்பம். கிரேன் என்பது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது குடும்பம். உலகில் அதற்கு 15 இனங்கள் உண்டு. வட இந்திய வயல்வெளிகளில் ஆளுயரம் நிற்கும் சாரஸ் கொக்கு, ராஜஸ்தானுக்குக் குளிர்காலத்தில் திரளாக வரும் குர்ஜா ஆகியவை இக்குடும்பத்தவை. வேடந்தாங்கலில் மரங்களில் கூடு கட்டும் கொக்குகளும் நாரைகளும் முதலிரண்டு குடும்பங்களின் பறவைகளே. கிரேன்கள் பெரும்பாலும் சதுப்பு நிலத்தில், தரையில் கூடு கட்டுபவை. தமிழ்நாட்டில் அவை வழக்கமாக வாழ்வதும் இல்லை. ஆகவே இக்கட்டுரையில் அந்தப் பறவையைக் கொக்கு என்று எழுதிக் குழப்பாமல் கிரேன் என்றே குறிப்பிடுகிறேன்.

இப்பறவையின் பெயர் அதன் குரலிலிருந்து பிறந்தது. காக்கைக்கும் குயிலுக்கும் அவற்றின் ஒலியே பெயராக நிற்பதைத் தமிழர்க்கு விளக்கத் தேவையில்லை. கிரேனின் குரல் கேட்டவர் மறக்க முடியாதது. எக்காளம் ஊதியது போல் கரகரத்துப் பல கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கக்கூடியது. அதன் காரணம் பறவையின் உடலுக்குள் இருக்கிறது. பெரும்பாலான கிரேன் இனங்களில் மூச்சுக்குழாய் கழுத்தின் நீளத்தோடு நின்றுவிடாமல், மார்பெலும்பின் உட்குழிவுக்குள் நுழைந்து சுருண்டு, பிறகுதான் நுரையீரலுக்குச் செல்கிறது. வளைத்துச் சுருட்டிய கொம்பு வாத்தியத்தில் காற்று செய்யும் வேலையை அங்கே பறவையின் மூச்சு செய்கிறது. ஆனால் செங்கால் நாரைக்குக் குரல் ஏறக்குறைய இல்லை. அது அலகுகளைத் தட்டியே ஒலி எழுப்பும். ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் வாழ்ந்த பழங்கால மக்கள் மூடுபனிக்குள் பறவையைக் காணும் முன்பே அதன் குரலைக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணுவது தவறாகாது.

கரகரத்த குரலில் கத்துதல் என்ற பொருளுடைய மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்று உண்டு. அதன் முதல் எழுத்து க-வின் வல்லொலி அன்று. கங்கை என்று சொல்லும்போது முதலில் வரும் மெல்லிய ஒலி. அந்த வேரிலிருந்து கிரேக்கத்தில் கெரனோஸ், இலத்தீனில் க்ரூஸ், வேல்ஸ் மொழியில் கரன், லிதுவேனிய மொழியில் கெர்வே என்று கிரேனின் பெயர்கள் கிளைத்தன. இவை எல்லாவற்றிலும் அந்த மெல்லிய ஒலி அப்படியே இருக்கிறது. ஆங்கிலமும் ஜெர்மனும் டச்சும் சேர்ந்த ஜெர்மானியக் கிளையில் அது காடு என்பதன் முதல் ஒலி போல வல்லொலியாகி, பழைய ஆங்கிலத்தில் க்ரான், டச்சில் க்ரான், ஜெர்மனில் க்ரானிஹ் என்று ஆயிற்று. இந்த மாற்றம் தற்செயலானது அன்று. ஜெர்மானியக் கிளை முழுவதிலும் ஒரே ஒழுங்கில் நடந்த இதையும் இதனோடு சேர்ந்த பிற ஒலி மாற்றங்களையும் 1822இல் ஜெர்மன் மொழியறிஞர் ஜேக்கப் கிரிம் முறைப்படுத்தி எழுதினார். அதனால் இது கிரிம் விதி எனப்படுகிறது. முழங்கால் அளவு நீண்ட கைகளை உடையவரை ஆஜானுபாகு என்கிறோம். அதிலுள்ள ஜானு என்ற வடசொல்லுக்கு முழங்கால் என்று பொருள். அதே சொல்தான் இலத்தீனில் கெனு, ஆங்கிலத்தில் நீ. ஆங்கிலச் சொல்லின் எழுத்தில் இன்று ஒலிக்காமல் நிற்கும் முதல் எழுத்து முன்பு வல்லொலியாக ஒலித்ததுதான். இலத்தீனின் கெனு ஆங்கிலத்தில் மாறிய அதே முறையில்தான் கெரனோஸின் இனச்சொல் க்ரான் ஆகியிருக்கிறது. ஸ்காண்டிநேவிய மொழிகளில் மட்டும் முதல் எழுத்து திரிந்து, டேனிய மொழியில் ட்ரானெ என்றும் சுவீடிய மொழியில் ட்ரானா என்றும் வழங்குகிறது. இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கெரனோஸ், க்ரூஸ், கரன், கிரேன் ஆகியவை ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கிய சொற்கள் அல்ல. ஒரே தாயின் பிள்ளைகள். மொழியியலார் இவற்றை இனச்சொற்கள் என்பர். வேலை நடக்கும் இடத்தில் இன்று நாம் சொல்லும் கிரேனோ ஆங்கிலத்திலிருந்து நேரே எடுத்துக்கொண்ட கடன்சொல். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருந்தாலும், சொல்லாராய்ச்சியில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

பெயர் காதால் பிறந்தது என்றால், அதன் மற்றப் பொருள்கள் எல்லாம் கண்ணால் பிறந்தவை. குரலை மறந்துவிட்டுக் கழுத்து, கால், அலகு என்று பறவையின் ஒவ்வோர் உறுப்பும் வேறு வேறு பொருள்களுக்குப் பெயர் தந்திருக்கிறது.

கழுத்திலிருந்து தொடங்கலாம். நிமிர்ந்த தூண், அதன் மேல் சாய்ந்து நீளும் கை, கையின் நுனியிலிருந்து கீழே இறங்கிப் பொருளைக் கவ்வி மேலெழும் கொக்கி: இந்த அமைப்பைப் பார்த்துக் கிரேனை நினைத்தவர்கள் ஆங்கிலேயர் மட்டும் அல்லர். பழங்கிரேக்கர் நாடக மேடையில் வானிலிருந்து இறங்கி உடலைத் தூக்கிச் செல்லும் பொறியைக் கெரனோஸ் என்றே அழைத்தனர். விடியலின் தெய்வமான ஏயோஸ், போரில் இறந்த தன் மகன் மெம்னோனின் உடலை எடுத்துச் செல்லும் காட்சிக்கு அது பயன்பட்டதாகக் கி.பி. 2ஆம் நூற்றாண்டு அறிஞர் பொல்லுக்ஸ் குறித்துள்ளார். உரோமக் கட்டடக் கலைஞர் வித்ருவியுஸ், கோட்டை முற்றுகைக்கான ஒரு பொறியைச் சிலர் க்ரூஸ் என்பர் என்கிறார். ஆங்கிலத்தில் இந்தப் பொருள் 14ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தது. துறைமுகங்களிலும் பேராலயக் கட்டுமானங்களிலும் பெரிய மரப் பாரந்தூக்கிகள் நின்ற காலம் அது. போலந்தின் க்தான்ஸ்க் நகரில் 1442 முதல் 1444 வரை கட்டப்பட்ட துறைமுகப் பாரந்தூக்கியின் வடிவத்தை இன்றும் ஆற்றங்கரையில் காணலாம். செங்கல் கோபுரங்கள் இரண்டுக்கு நடுவே ஆற்றை நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும் அந்த மரக் கட்டமைப்பை இயக்கியவை உள்ளே இருந்த பெரிய சக்கரங்கள். அவற்றுக்குள் ஆட்கள் நடந்து நடந்து சுற்றினால் கயிறு சுருண்டு பாரம் மேலேறும். அந்த நகரத்தார் அதற்கு இட்ட பெயர் ஜுராவ். போலந்து மொழியில் கிரேன் பறவைக்கும் அதுவே பெயர்.

பிரெஞ்சில் க்ரூ, இத்தாலியத்தில் க்ரு, ஹங்கேரிய மொழியில் தாரு என்று பறவைக்கும் இயந்திரத்துக்கும் ஒரே சொல்லே வழங்குகிறது. ஜெர்மானியர் பறவைக்கு நீண்ட வடிவத்தையும் இயந்திரத்துக்கு க்ரான் என்ற குறுகிய வடிவத்தையும் ஒதுக்கிக் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டனர். டச்சுக்காரருக்கு அந்த வசதியும் வாய்க்கவில்லை. அவர்களிடம் க்ரான் என்றால் பாரந்தூக்கி. நீர்க் குழாயின் வளைந்த திருகுவாயும் க்ரான்தான். அதனால் பறவையைச் சொல்ல வேண்டிவரும்போது க்ரான்-பறவை என்று விளக்கிச் சொல்கிறார்கள். டச்சு ஆட்சியில் இருந்த இந்தோனேசியாவில் குழாய்க்கு இன்று கெரான் என்று பெயர். பறவை அந்த வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

இயந்திரத்தைவிடப் பழமையான உறவு ஒன்று கிணற்றடியில் இருக்கிறது. கவைத் தூணில் குறுக்கே கிடக்கும் நீண்ட கழி, ஒரு முனையில் பாரம், மறுமுனையில் கிணற்றுக்குள் இறங்கும் சால்: இதை நாம் ஏற்றம் என்கிறோம். ரஷ்யர்கள் அதைக் கிரேனின் பெயரால் ஜுராவ்ல் என்கிறார்கள். போலந்து மொழியின் ஜுராவும் ஏற்றத்தைக் குறிக்கும். ஸ்பெயின் நாட்டார் மட்டும் கிரேனை விட்டுவிட்டு நாரையைப் பிடித்தனர். அலகைத் தாழ்த்தியும் உயர்த்தியும் நிற்கும் நாரையைப் போலிருப்பதால் ஸ்பெயினில் ஏற்றத்துக்கு நாரையின் பெயரை இட்டுள்ளனர் என்று 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரப் பேராயர் இசிதோர் எழுதிவைத்துள்ளார். இன்றைய ஸ்பானிய மொழியில் மோட்டார் எஞ்சினின் வளைந்த கிராங்க் ஷாஃப்டுக்கும் நாரையின் பெயரிலிருந்து வந்த சொல்லே வழங்குகிறது. குனிந்து நிமிரும் எந்தப் பொருளைக் கண்டாலும் மனிதனுக்கு நெடுங்கழுத்துப் பறவையே நினைவுக்கு வந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் கிரேன் வினைச்சொல்லாகவும் வரும். கூட்டத்தில் முன்னால் நிற்பவர் மறைக்கும்போது கழுத்தை எக்கிப் பார்ப்பதை அது குறிக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்பட்ட வழக்கு இது. குதிரையேறி நரி வேட்டைக்குப் போனவர்கள், வேலியைத் தாண்டும் முன் தயங்கி அப்பால் எட்டிப் பார்ப்பவரைக் கேலி செய்யவும் இதே வினையைப் பயன்படுத்தினர்.

கால் தந்த சொல்தான் எனக்கு எல்லாவற்றிலும் சுவையாகப் படுகிறது. நாய்க்குட்டி வாங்குபவர்கள் அதற்குப் பெடிக்ரி இருக்கிறதா என்று கேட்பதைப் பலரும் கேட்டிருப்போம். தாய் தந்தை யார், அவற்றின் முன்னோர் யார் என்று காட்டும் வம்சாவளிச் சான்று அது. இச்சொல் இங்கிலாந்தில் ஆளும் வகுப்பார் பிரெஞ்சு பேசிய காலத்தின் எச்சம். பியெ தெ க்ரூ என்றால் பிரெஞ்சில் கிரேனின் கால் என்று பொருள். இடைக்கால எழுத்தர்கள் தோல் சுருள்களில் குடும்பங்களின் வம்சாவளியை வரைந்தபோது, தந்தையின் பெயருக்குக் கீழே ஒரு புள்ளியிலிருந்து மூன்று கோடுகளை விரித்து மக்களின் பெயர்களோடு இணைத்தார்கள். சேற்றில் பதிந்த பறவைக் காலடி போலத் தோன்றிய அந்தக் குறியின் பெயர், காலப்போக்கில் அந்தச் சுருளுக்கும், பிறகு வம்சாவளிக்குமே பெயராகி, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நுழைந்தது.

பறவைக் காலடி என்று பொதுவாகச் சொல்லாமல் கிரேனின் காலடி என்று குறிப்பிட்டதில் பொருள் உண்டு. கொக்குக்கு மூன்று விரல்கள் முன்னும் ஒரு நீண்ட விரல் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கும். கிளையைப் பற்றி உட்காரப் பின்விரல் உதவும், சேற்றிலும் நான்கு விரல்களின் தடமும் பதியும். ஐரோப்பாவின் கிரேன் மரத்தில் உட்காராது. அதன் பின்விரல் சிறுத்து, காலில் சற்று மேலே தூக்கினாற்போல் இருப்பதால் தரையில் படுவது முன்விரல்கள் மூன்று மட்டுமே. ஒரு புள்ளியிலிருந்து விரியும் மூன்று கோடுகளுக்குக் கிரேனின் காலை உவமை சொன்னவர்கள் அந்தத் தடத்தை நேரில் பார்த்தவர்கள் என்பதில் ஐயமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ஒருவருக்காகக் கால்கடுக்கக் காத்து நிற்பதைக் கிரேன் கால் போடுவது என்கிறார்கள்; அது ஒற்றைக் காலில் நிற்கும் பறவையைப் பார்த்து வந்த வழக்கு.

இனி அலகு. கிரேக்கத்தின் கெரனோஸிலிருந்து கெரனியோன் என்ற செடிப்பெயர் பிறந்து, இலத்தீன் வழியாக ஜெரேனியம் ஆயிற்று. பூ உதிர்ந்தபின் அதன் காய் ஊசி போல நீண்டு கிரேனின் அலகை ஒத்திருப்பதே காரணம். ஆங்கிலேய நாட்டுப்புற மக்களும் அச்செடியைக் கிரேன் அலகு என்றே சொன்னார்கள். 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இவ்வகைச் செடிகளை எல்லாம் ஜெரேனியம் என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். பிறகு 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே அவற்றைப் பிரித்தபோது, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த செடிகளுக்குக் கிரேக்கத்தில் நாரையைக் குறிக்கும் பெலார்கோஸ் என்ற சொல்லைக் கொண்டு பெலார்கோனியம் என்று பெயர் அமைந்தது. மற்றொரு பிரிவு கொக்கின் கிரேக்கப் பெயரால் எரோடியம் ஆயிற்று. கிரேன், நாரை, கொக்கு மூன்றும் ஒரே செடிக் குடும்பத்தில் குடியேறியது இப்படித்தான். தோட்டக்காரர்கள் இந்தப் பிரிவினையைப் பொருட்படுத்தவில்லை. வீட்டுத் தொட்டிகளில் வளரும் பெலார்கோனியத்தை இன்றும் ஜெரேனியம் என்றே சொல்கிறார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நறுமண எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் ஜெரேனியமும் தாவரவியல் கணக்கில் பெலார்கோனியமே; அதாவது, பெயரில் கிரேன், இனத்தில் நாரை.

கிரான்பெர்ரிப் பழத்தின் பெயரும் இந்தக் கிளைதான். சதுப்பு நிலத்தில் படரும் அக்கொடியின் பூக்காம்பு கழுத்து போல வளைந்து, இதழ்கள் பின்னுக்கு மடிந்து, மகரந்தத் தாள்கள் அலகு போலக் கூர்ந்து நிற்பதால் வட ஜெர்மனியில் அதைக் கிரேன் பழம் என்றனர். இங்கிலாந்தில் அதற்குச் சதுப்புப் பழம் என்ற பொருளில் வேறு பெயர்கள் இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் குடியேறியவர்கள் அங்கிருந்த பெரிய வகைக்கு வட ஜெர்மானியப் பெயரைச் சூட்ட, அப்பெயரே பின்னர் இங்கிலாந்துக்கும் திரும்பி வந்து பழைய பெயர்களைத் தள்ளிவிட்டது.

இத்தனைக்கும், ஆங்கிலேயர்கள் தம் நாட்டில் அந்தப் பறவை கூடு கட்டுவதைக் காணாமலே ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கழித்தார்கள். முன்பு அது அங்கே ஏராளமாக இருந்தது என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. கென்ட் பகுதியின் கிரான்புரூக் கிரேன் ஓடை. பெட்ஃபோர்டு பகுதியின் கிரான்ஃபீல்டு கிரேன் வயல். கால்பந்து ரசிகர்கள் அறிந்த ட்ரான்மியர் என்ற ஊர், வைக்கிங்குகள் வைத்த பெயர்; அதில் இருப்பது முன்னர்க் கண்ட ஸ்காண்டிநேவிய ட்ரான் வடிவம், பொருள் கிரேன் மணல்திட்டு. 1465இல் யார்க் பேராயராக ஜார்ஜ் நெவில் பதவியேற்ற விருந்தின் பட்டியலில் 204 கிரேன்கள் சமைக்கப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது. இப்படி உண்டால் எந்தப் பறவைதான் மிஞ்சும்? 1534இல் எட்டாம் ஹென்றியின் காலச் சட்டம் கிரேன் முட்டை ஒன்றை எடுத்தால் 20 பென்ஸ், கொக்கின் முட்டைக்கு 8 பென்ஸ் என்று தண்டம் விதித்தது. அந்த ஏற்பாடும் பயன் தரவில்லை. வேட்டையாலும், சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கியதாலும் 1600ஐ ஒட்டி அங்கே கிரேன்கள் கூடு கட்டுவது நின்றது. 1979இல் நார்ஃபோக்கின் நீர்நிலைகளுக்கு வழிதவறி வந்த சில கிரேன்கள் அங்கேயே தங்கி இனம் பெருக்கத் தொடங்கின. 2010 முதல் ஜெர்மனியிலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து குஞ்சு பொரிக்கச் செய்து, சோமர்செட் பகுதியிலும் பறவைகளை விட்டனர்.

இடைப்பட்ட காலத்தில் பெயர் சும்மா இருக்கவில்லை. பறவை மறைந்தபின் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப்புற மக்கள் ஆற்றங்கரையில் எஞ்சி நின்ற, கொக்குக் குடும்பத்துச் சாம்பல் நாரையைக் கிரேன் என்று அழைத்தனர். சட்டம் தண்டத் தொகையில் பிரித்துக் காட்டிய இரண்டு பறவைகளைப் பேச்சுவழக்கு ஒன்றாக்கிவிட்டது. கடல் கடந்தவர்கள் இந்த வழக்கத்தையும் உடன் கொண்டுபோனதால், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நீலஞ்சாயலான கொக்கு வகைகளுக்கு நீலக் கிரேன் என்ற பெயர் ஏற்பட்டது. கிரேன் என்ற சொல்லுக்குக் கொக்கு, நாரை என்று பொருள் தரும் நம் ஆங்கில-தமிழ் அகராதிகளை மட்டும் குறை கூறுவது ஆகவே முறையாகாது. மொழிபெயர்ப்பவர் பார்க்க வேண்டியது எழுதப்பட்ட இடத்தையும் காலத்தையும். 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்துக் கிராமத்தில் ஓடைக்கரையில் தனியே நிற்கும் கிரேன் வந்தால் அதைச் சாம்பல் நாரை என்றே எழுதலாம். பரத்பூர்ச் சதுப்பைப் பற்றிய கட்டுரையில் இணையாகக் கூவி ஆடும் கிரேன் வந்தால் அது சாரஸ். கழுத்தை உள்ளே மடக்கிப் பறந்தது என்று ஆசிரியர் வருணித்திருந்தால், அவர் எந்தப் பெயரை எழுதியிருந்தாலும் அது கிரேன் அன்று, ஏனெனில் கிரேன்கள் கழுத்தை நீட்டித்தான் பறக்கும்.